சலேத்தம்மாளுக்குப் பின்னால் வந்த வயல்

வாகைக்குடியில் மார்கழி பிறந்து, நெற்கருதில் பால் கட்டத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், தண்ணி கட்டிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய சலேத்தம்மாளின் பின்னால் அவளுடைய வயலும் எழுந்து வந்தது. வரப்போடு வந்தது, வரப்பில் நின்ற ஆமணக்கோடு வந்தது, இடுப்பளவு பயிரோடும், பயிருக்குள் நின்ற தண்ணியோடும், தண்ணிக்குள் கிடந்த நத்தை நண்டுகளோடும், இதெல்லாம் நாங்கள் தினமும் போகிற பாதைதான் என்பது போல அசையாமல் நின்ற இரண்டு கொக்குகளோடும் வந்தது. கண்மாய்க்கரை இறக்கத்தில் சளசளவென்று சத்தம் கேட்டுத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். வயலும் நின்றது.

"எதுக்கு இப்ப எந்திருச்சு வந்த?" என்று கேட்டாள்.

ஆட்டுக்குக் குழை போட வேண்டும், அடுப்புப் பற்றவைக்க வேண்டும், செபமாலைக்கு மணி அடிப்பதற்குள் குளிக்க வேண்டும். நின்று நியாயம் பேச அவளுக்கு நேரமில்லை. "சரி, வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

தெரு சின்னத் தெரு. வயல் சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக்கொண்டு, ஒரு வீட்டுக் கூரையையும் உரசாமல், ஒரு கருதையும் சிந்தாமல் உள்ளே நுழைந்தது. பக்கத்து வீட்டு மதலைமேரி வாசலில் உட்கார்ந்து புளி நசுக்கிக்கொண்டிருந்தாள். சலேத்தம்மாளின் வயலுக்கு அடுத்த வயல் மதலைமேரியுடையது. வாய் கொஞ்சம் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு.

"ஏத்தா சலேத்து, என்னத்தக் கூட்டியாற?"

"நான் எங்க மதினி கூட்டியாந்தேன்? அதுவாத்தான் வருது."

"வரட்டும் வரட்டும். வேலிய ஒட்டிப் போகச் சொல்லு, எங்க வீட்டுக் கோழிக்குப் பயிரக் கண்டா ஆகாது."

அவ்வளவுதான். அன்றைக்கு வாகைக்குடியில் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். சலேத்தம்மாள் வீட்டுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் வயல் மடிப்பை விரித்துப் படுத்துக்கொண்டது. காலையில் பால்வண்டிக்காரர் வந்து, "அக்கா, ஒங்க வயலக் கொஞ்சம் ஓரமாப் படுக்கச் சொல்லுங்க, வண்டி திரும்பணும்" என்றார். சலேத்தம்மாள் கிழக்கே இரண்டெட்டு நகர்ந்தாள், வயலும் நகர்ந்தது. வண்டி திரும்பியது.

இந்த ஊரில் இது நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதை விளங்கிக்கொள்ள, எங்கள் ஊர்ப் பெண்கள் மண்ணோடு எப்படிப் புழங்கினார்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆம்பளைகள் நல்லவர்கள், உழைப்பாளிகள். மழை பொய்த்துப் பொய்த்து, கண்மாய் ஏமாற்றி ஏமாற்றி, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் கடல் தாண்டியும் போனார்கள். போனவர்கள் வயலைக் கொண்டுபோக முடியாது அல்லவா, அதைப் பெண்டுகளிடம் விட்டுப் போனார்கள். முதலில் நாற்று நடவும் களை எடுக்கவும் மட்டும் தெரிந்த கைகள், பிறகு வரப்பு வெட்டின, மடை திறந்தன, விதைநெல்லை உப்புத் தண்ணியில் போட்டு மிதக்கிற பதரை அள்ளி எறிந்தன. குட்டி டிராக்டர் வந்தபோது, அதைப் பிடித்தால் பொம்பளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதை ஒரு காதில் வாங்கி, மறு காதில் விடக்கூட நேரமில்லாமல், தாவணிப் பிள்ளையிலிருந்து பேரன் எடுத்தவள் வரைக்கும் அதன் கைப்பிடியைப் பிடித்து உழுதார்கள். மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் போகாமல் அடிக்கத் தெரிந்துகொண்டார்கள். அறுப்பு மெஷின்காரர் மணிக்கணக்கைக் கூட்டிச் சொன்னால், மெஷினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நியாயம் பேசினார்கள். மாதவிலக்கானாலும், மாசமானாலும், காய்ச்சலானாலும், பயிருக்குத் தண்ணி நாளைக்கு வரச் சொல்ல முடியுமா? மாதாவே, அந்தக் கால்களைப் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு, கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடந்து வந்து முழந்தாளிடும்போது, நற்கருணை வாங்கத் தகுந்த கால்கள் இவைதான் என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனையும் செய்தாலும், கூட்டத்தில் பெண்டுகளுக்கு இடமில்லை. ஊர்க் காரியம் எதுவானாலும் மாதா கோயிலுக்கு எதிரே வாகை மரத்தடியில் கூட்டம் கூடும். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு ஆம்பளை வந்து, தோளில் கிடக்கிற துண்டைத் தரையில் போட்டு, அதன் முன்னால் உட்காருவார். ஊர்த் தலைவரான அம்பலம் காரியத்தைச் சொல்லி, "யாருக்கும் மறுப்பு உண்டா?" என்று கேட்பார். மறுப்பு உள்ளவர் வாய் பேச வேண்டியதில்லை, துண்டை எடுத்துத் தோளில் போட்டால் போதும். துண்டு கிடந்தால் சம்மதம். சண்டை வராமல் இருக்க முன்னோர்கள் கண்டுபிடித்த மரியாதையான வழி.

ஆம்பளைகள் வெளியூர் போனபிறகு, அவரவர் பெண்சாதி புருசன் துண்டைக் கொண்டுவந்து மரத்தடியில் விரித்துவிட்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கோயில் சுவரோரம் வந்து நின்றுகொள்ள வேண்டும் என்று ஆனது. வைக்கலாம், எடுக்கக் கூடாது. அதனால் எங்கள் ஊர்க் கூட்டம் என்பது, அம்பலமும் நாலைந்து வயசாளிகளும், வரிசையாகக் கிடக்கிற துண்டுகளும்தான். ஆளில்லாத துண்டு எப்படி எழும்பும்? எது கேட்டாலும் கிடந்தது. எது கேட்டாலும் சம்மதம். வருசத்தின் முதல் உழவாக நல்லேர் பூட்டுகிற அன்றைக்கும் இப்படித்தான், குட்டி டிராக்டரின் கைப்பிடியில் புருசன் துண்டைக் கட்டிவிட்டு, அது உழுவதாகப் பேர் பண்ணி, பெண்டுகள் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார்கள்.

வயல் எழுந்து வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அம்பலம் இன்னாசிமுத்து ஒரு சேதி சொல்லியிருந்தார். செங்கல் சூளைக்காரர் ஒருவர் சலேத்தம்மாள் வீட்டு வயலைக் கேட்கிறார், அந்த மண் செங்கலுக்குத் தோதான மண், ரெண்டாள் ஆழத்துக்குத் தோண்டிக்கொள்வார், கோயம்புத்தூரில் பட்டறையில் வேலை பார்க்கிற சந்தியாகு, அதாவது சலேத்தம்மாள் புருசன், சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான், கிறிஸ்துமஸுக்கு அவன் வந்ததும் கூட்டம் கூடி முடித்துவிடலாம் என்றார். பக்கத்து வயல்காரர்களின் வழியும் தண்ணியும் கலந்த விசயம் என்பதால் ஊர்ச் சம்மதம் வேண்டும். சலேத்தம்மாள் சுவரோரம் நின்று கேட்டாள். நேரே வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து, "ஒன்னயத் தோண்டப் போறாகளாம்" என்று சொன்னாள். வீட்டு மனுசரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு வேறு ஆளில்லை.

வயல் யோசிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டது. பிறகு எழுந்து வந்தது.

அடுத்த ஞாயிறு அது பூசைக்கும் வந்தது. சலேத்தம்மாள் உள்ளே போனதும் கோயில் முற்றத்தில் கொடிமரத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் பதறிப்போய்ச் சாமியாரிடம் ஓடினார்.

"சாமி, முத்தத்துல நெல்லு நிக்குது."

சாமியார் இளவயசு, பூசை உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "பூசைக்குத்தான வந்திருக்கு? நிக்கட்டும்."

"நண்டெல்லாம் படியேறுது சாமி."

"ஞானஸ்நானம் கேட்டா எனக்குச் சொல்லுங்க" என்றார் சாமியார். பூசை முடிந்து வெளியே வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வருசா வருசம் மொபெட்டில் போய் வயல் வயலாக மந்திரிக்கிறவருக்கு, வயலே வந்து நின்றது சௌகரியமாகத்தான் இருந்தது.

பூச்சி மருந்து வாங்க சலேத்தம்மாள் தேவகோட்டைக்கு பஸ் ஏறியபோது கண்டக்டர்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "எம்மா, ஒங்களுக்கு டிக்கெட் கெடையாது, சரி. வயலுக்கு எப்படிப் போடுறது?"

மதலைமேரியும் கூடப் போயிருந்தாள். "பொம்பளைக்கு டிக்கெட் இல்லதான?"

"வயலு பொம்பளையாக்கும்?"

"வெள்ளன எந்திரிச்சு நாள் முழுக்கப் பாடுபட்டு, எல்லாத்துக்கும் சோறு போட்டுட்டு, பேரு மட்டும் இன்னொருத்தர் பேர்ல இருக்குதுல்ல, வேற என்னவாம்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு, "மேல ஏறிக்கச் சொல்லுங்க, படியில மட்டும் தொங்கக் கூடாது" என்று விசில் கொடுத்தார். வயல் மடிந்து பஸ்ஸின் கூரைமேல் ஏறிக்கொண்டது. போகிற வழியெல்லாம் சன்னல் ஓரத்தில் தண்ணி சொட்டியது. உட்கார்ந்திருந்தவர்கள் மழை என்று சொல்லிச் சன்னலை இறக்கிக்கொண்டார்கள்.

அம்பலம் இன்னாசிமுத்து கெட்டவர் இல்லை. முறை முறையாக நடக்க வேண்டும் என்கிறவர், அவ்வளவுதான். வயல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் தெருவில் படுத்திருப்பது முறையில்லை என்று அவருக்குத் தோன்றியது. சூளைக்காரர் வந்து பார்த்தால் எதைக் காட்டுவது? வயசாளிகளைக் கூப்பிட்டு ஆலோசனை பண்ணினார். "வருசா வருசம் நல்லேர் பூட்டினது சந்தியாகு துண்டு. அப்ப வயலுக்குத் துண்டத்தான தெரியும்? துண்டு போன பின்னால தன்னால வந்துரும்" என்று முடிவாயிற்று. சலேத்தம்மாளிடம் துண்டைக் கேட்டார்கள். அவள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், மடிப்புக் கலையாமல் நாப்தலின் வாசத்தோடு இருந்தது.

வயல் எழுந்துபோன இடம் பாயைச் சுருட்டின தரை போல வெளுத்துக் கிடந்தது. அதன் நடுவில் துண்டை விரித்து, அம்பலம் கைகூப்பி, "சந்தியாகு கூப்புடுறான், வா" என்று சத்தமாகச் சொன்னார். வயசாளிகளும் சொன்னார்கள். வெயில் ஏறியது. துண்டின் மேல் கட்டெறும்பு ஏறியது. வயல் அந்த நேரத்தில் சலேத்தம்மாள் வீட்டு வாசலில், அவள் ஆட்டுக்குக் கஞ்சித்தண்ணி வைப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

அன்றைக்கு அங்கே அம்பலம் பார்க்காத ஒன்றை மதலைமேரி பார்த்தாள். சலேத்தம்மாள் வயல் கிடந்த இடம் சுற்றியிருந்த வயல்களைவிடக் கணுக்கால் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. சுற்றியிருந்த எல்லார் வயல் தண்ணியும் வரப்புக்கு அடியில் கசிந்து கசிந்து அந்தப் பள்ளத்து மண்ணுக்குள் இறங்கி மறைந்துகொண்டிருந்தது. மதலைமேரியின் பயிர் அடியில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. பெண்டுகள் எல்லாரும் கூடி, மண் வெட்டிப் போட்டு, வைக்கோலைத் திணித்து, மிதித்து மிதித்து அடைத்தார்கள். இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் கசிந்தது.

மதலைமேரி இடுப்பில் கை வைத்து நின்று, "வெறும் கணுக்காலு ஆழத்துக்கே இந்தக் கூத்துன்னா, ரெண்டாளு ஆழத்துக்குத் தோண்டுனா நம்ம தண்ணியெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன, சுவரோரம் நிற்கிறவர்கள்தானே.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் சந்தியாகு வந்தான். கையில் பேக்கரி கேக் டப்பா, காலில் ஷூ. வீட்டு வாசலில் தன் வயல் படுத்திருப்பதைப் பார்த்து நின்றான். உள்ளே போக வேண்டுமானால் அதைக் கடக்க வேண்டும். ஷூவைக் கழற்றி, பேண்டைச் சுருட்டிக்கொண்டு, கேக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். எங்கே மிதிப்பது என்று தெரியாமல் பயிர்மேல் கால் வைத்தான்.

"வரப்புல வாங்க! வரப்புல!" என்று உள்ளேயிருந்து சலேத்தம்மாள் கத்தினாள்.

வந்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிடாமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைகளக் கட்டிக் குடுத்தாச்சு சலேத்து. இன்னும் எதுக்கு இந்தப் பாடு? ஒனக்காகத்தான் சரின்னேன். நீயும் கோயம்புத்தூர் வந்துரு. வெயில்ல போயிக் கெடக்க வேணாம்."

"அங்க வந்து நான் என்ன செய்ய?"

"சும்மா இரு."

"சும்மா இருக்க எனக்குத் தெரியாதே" என்றாள் சலேத்தம்மாள். குழம்பை ஊற்றினாள். "கஷ்டமா இருக்குன்னு நான் ஒங்ககிட்ட எப்பவாச்சும் சொன்னனா?" என்றாள்.

"சொல்லணுமாக்கும்? காலப் பாத்தாத் தெரியுது."

"காலப் பாத்தீக. மொகத்தப் பாத்தீகளா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் வெயில் இருந்தது, சுருக்கம் இருந்தது. அறுப்பு நெருங்குகிற மாதத்தில் நல்ல விளைச்சல்காரி முகத்தில் இருக்குமே, அந்த ஒரு தெளிச்சியும் இருந்தது. பட்டறைக்குப் போன இத்தனை வருசத்தில் அதை அவன் பார்த்ததே இல்லை. அறுப்புக்கு அவன் வந்ததே இல்லையே.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?" என்றாள்.

"கேக்குற வழக்கம் இல்லையேத்தா" என்றான் சந்தியாகு. குரல் இறங்கிப்போயிருந்தது. "அம்பலத்துக்கிட்ட வாக்கு வேற குடுத்துட்டேன். குடுத்த வாக்க எப்படித் திருப்பி வாங்குறது?"

சலேத்தம்மாள் எழுந்தாள். கேக்கை வெட்டித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பிறகு கோயிலுக்குப் போய், குடில் ஜோடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இடையில் முழந்தாளிட்டு ரொம்ப நேரம் இருந்தாள். என்ன கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. வயல் வெளியே காத்துக்கொண்டிருந்தது.

பெருநாள் கழிந்த மறுநாள் காலை, பூசை முடிந்து வாகை மரத்தடியில் கூட்டம். அம்பலம் வந்தார், வயசாளிகள் வந்தார்கள், சூளைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து மரத்தில் சாய்த்து நிறுத்தினார். பெண்டுகள் பெருநாளைக்குத் துவைத்து வைத்திருந்த துண்டுகளைக் கொண்டுபோய் வரிசையாக விரித்துவிட்டு, ரோட்டைத் தாண்டி வந்து சுவரோரம் நின்றார்கள். சந்தியாகு மட்டும் தன் துண்டைத் தானே போட்டு, தானே உட்கார்ந்தான். அதனால் சலேத்தம்மாள் கையில் போடுவதற்குக்கூட ஒன்றுமில்லை. வெறுங்கையோடு நின்றாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் வயல் ஒடுங்கி நின்றது.

அம்பலம் எழுந்து நின்றார். "சந்தியாகு தலைக்கட்டு வயல மண்ணெடுக்கக் குடுக்குறது. யாருக்கும் மறுப்பு உண்டா?"

துண்டுகள் கிடந்தன. காய்ந்த வாகை நெற்று காற்றில் கலகலவென்றது. சூளைக்காரர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அப்போது சலேத்தம்மாள் ஒரு அடி முன்னால் வைத்தாள். எதிர்த்துப் பேசவென்று இல்லை. சந்தியாகு முகத்தைப் பார்க்க நினைத்தாள், அவன் குனிந்திருந்தான், அதனால் ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். ரோட்டில் கால் வைத்ததும் அவளுக்குப் பின்னால் நெருக்கி நின்ற வயலுக்கு இடம் கிடைத்தது. அது மடிப்பை அவிழ்த்தது. அவளை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு, ரோட்டைக் கடந்து, வாகை மரத்தடி முழுக்க விரிந்து படுத்தது. அம்பலம் கணுக்கால் சேற்றில் நின்றார். வயசாளிகள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். துண்டுகள் தண்ணியில் ஊறத் தொடங்கின.

"அய்யய்யோ, எங்க வீட்டுத் துண்டு! பெருநாளைக்கு வெளுத்தது!" என்று மதலைமேரி ஓடினாள். ஓடி, துண்டை எடுத்து, முறுக்கிப் பிழிந்து, படீரென்று உதறி, ஈரத் துணியை எந்தப் பொம்பளையும் எங்கே போடுவாளோ அங்கே, தோளில் போட்டாள்.

ஓடினார்கள் எல்லாரும். சேற்றில் துண்டு நாசமாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற கை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. எடுத்தார்கள், பிழிந்தார்கள், உதறினார்கள், தோளில் போட்டார்கள். அப்படியே நின்றார்கள்.

வயசாளிகளில் ஒருத்தர்தான் முதலில் கவனித்தார். "அம்பலம்... மறுத்துட்டாகளே" என்றார்.

"யாரு?"

"ஊரே."

அம்பலம் சுற்றிப் பார்த்தார். துண்டு போட்ட தோள்கள் வரிசையாக நின்றன. "இது மறுப்புல சேராது. நனையுதுன்னு எடுத்தது."

"எதுக்கு எடுத்தோம்னு கேக்குறீகளே மாமா" என்றாள் மதலைமேரி. அவள் குரலில் அன்றைக்குக் கேலி இல்லை. "இத்தன வருசமாக் கெடந்துச்சுல்ல, சம்மதம்னு எடுத்துக்கிட்டீக. எதுக்குக் கெடந்துச்சுன்னு ஒரு நாளு கேட்டீகளா?"

அம்பலம் தன் காலைச் சுற்றி நின்ற தண்ணியைப் பார்த்தார். முறை முறையாக நடக்க வேண்டும் என்கிறவர் அல்லவா. துண்டு எடுத்தால் மறுப்பு என்பதுதான் முறை. எதற்காக எடுக்க வேண்டும், எந்தக் கை எடுக்க வேண்டும் என்று மூதாதைகள் சொல்லி வைக்கவில்லை. "சரி. ஊரு மறுத்துருச்சு" என்றார். "ஆனா, குடுத்தவன் சந்தியாகு. அவன் துண்டு கெடக்குல்ல?"

கிடந்தது. அந்த ஒரு துண்டுதான் பயிருக்கு நடுவில் மிதந்தது. சந்தியாகு சலேத்தம்மாளைப் பார்த்து, மெதுவாக, "ஏத்தா, நீ எடுத்துக் குடு" என்றான்.

"அது ஒங்க துண்டு" என்றாள் சலேத்தம்மாள். "எடுக்கிறதும் விடுறதும் ஒங்க பாடு. என் பேச்ச நானே பேசிக்கிறேன்."

பிறகு அவள் அம்பலத்தின் பக்கம் திரும்பினாள். அந்த மரத்தடியில் ஒரு பெண் குரல் கேட்பது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் மரத்துக்குக் கோபம் வரும், அத்தனை பெண்டுகள் அங்கே புளியங்கொட்டை விளையாடியிருக்கிறார்கள். கூட்டத்தில் மறுப்பாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.  

"எனக்குச் சம்மதமில்ல மாமா. நான் உழுத மண்ணு. அதத் தோண்டக் குடுக்க மாட்டேன்."

சந்தியாகு குனிந்தான். தண்ணிக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்தான். பிழியக்கூட இல்லை. தண்ணி சட்டையெல்லாம் வழிய அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, "வாக்குத் தப்பிட்டேன் மாமா, மன்னிச்சிருங்க" என்றான்.

சூளைக்காரர் பாவம், மோட்டார் சைக்கிளை உதைத்தார். சக்கரம் சேற்றில் சுழன்றதே தவிர நகரவில்லை. பெண்டுகள்தான் பின்னால் கை கொடுத்துத் தள்ளி ரோட்டில் ஏற்றி, "பாத்துப் போங்கண்ணே" என்று அனுப்பி வைத்தார்கள். இப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஆளில்லாத துண்டு விரிப்பதில்லை. யார் உழுகிறார்களோ அவர்கள் வந்து மரத்தடியில் உட்காருகிறார்கள், எத்தனையோ பேர் உட்காருவதால் நிழல் போதவில்லை என்று இன்னொரு வாகைக் கன்றும் நட்டிருக்கிறோம்.

அன்று வெயில் சாய்ந்த பிறகு சலேத்தம்மாள் வயலைக் கூட்டிக்கொண்டு போனாள். சந்தியாகும் போனான், மதலைமேரியும் மற்றவர்களும் போனார்கள். கண்மாய்க்கரை ஏறி, இறங்கி, வெளுத்துக் கிடந்த அந்தப் பள்ளத்துக்குள் அவள் நடந்து நடுவில் போய் நின்றாள். வயல் அவள் காலைச் சுற்றி வந்து, நாலு மூலையையும் இழுத்துப் பார்த்து, பழைய வரப்புகளோடு வரப்புகளைப் பொருத்திக்கொண்டு படுத்தது. சுற்றியிருந்த வயல்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தண்ணி நின்றது. மதலைமேரி தன் வயலைக் குனிந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். சலேத்தம்மாள் மடையை ஒருதடவை சரிபார்த்துவிட்டு, கால் கழுவி வரப்பேறினாள்.

எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். புருசனும் பெண்சாதியும் கடைசியாக வந்தார்கள். கண்மாய்க்கரை இறக்கத்தில் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். சளசளப்பு இல்லை. கருதுகள் காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்தன. வயல் படுத்த இடத்தில் படுத்திருந்தது.

"வரலையே" என்றான் சந்தியாகு.

"வராது" என்றாள் அவள். "இனி நாமதான் போகணும். வெள்ளன எந்திரிக்கணும், வெரசா நடங்க."